இன்டீரியர் மட்டும்தான் பாக்கி

வீடு கட்டி முடிக்கும் தறுவாயில் இருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "எல்லாம் முடிஞ்சுது, இன்டீரியர் மட்டும்தான் பாக்கி." ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், டிவிக்குப் பின்னால் ஒரு பலகைச் சுவர், படுக்கையறையில் ஒரு பக்கம் மட்டும் வால்பேப்பர். இவைதான் அந்தப் பாக்கி. கையிருப்பு கரைந்து, கடன் கழுத்தை நெரித்து, கிரகப்பிரவேசத் தேதியும் குறித்தான பிறகு அவசர அவசரமாகச் செய்கிற வேலை. இதற்கென்று ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது, பட்டம் பெற்றவர்கள் மறுபடி உட்கார்ந்து படிக்கிறார்கள், ஆய்வேடு எழுதுகிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். "ஸ்க்ரீன் துணிக்குக் கலர் பார்க்க மாஸ்டர்ஸா?" என்று சிரிப்பார்கள்.

சிரிப்பவர்கள் மேல் முழுத் தப்பும் இல்லை. உள்கட்டடக்கலை என்கிற அந்தப் படிப்பு பிறந்ததே பாக்கிகளிலிருந்துதான். ஒரு பொருட்காட்சிக் கணக்கில் மிஞ்சிய பணம், கட்டடக்கலைஞர்கள் தொடாமல் விட்ட வேலை, சொந்த ஊரில் இடமில்லாமல் போன ஒரு மனிதர், ஆலைகள் மூடிய பின் காலியாக நின்ற கட்டடங்கள். இந்த நான்கு மிச்சங்களும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. அந்த இடம் அமெரிக்காவிலேயே மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட். பரப்பில் நம் திருவள்ளூர் மாவட்டத்தைவிடச் சற்றுச் சிறியது.

நீரூற்றா, பள்ளியா?

1876ஆம் ஆண்டு அமெரிக்கா தன் நூறாவது பிறந்தநாளைக் கொண்டாடியது. ஃபிலடெல்பியாவில் மாபெரும் பொருட்காட்சி. அங்கே எந்திரக் கூடத்தின் நடுவில் ஒரு ராட்சத நீராவி எந்திரம் நின்று, கூடத்திலிருந்த மற்ற எந்திரங்களையெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தது. அதைச் செய்தவர் ஜார்ஜ் கார்லிஸ். ஊர், ரோட் ஐலண்டின் தலைநகரான பிராவிடன்ஸ். நெசவாலையும் நகைப் பட்டறையும் எந்திரப் பட்டறையுமாக அன்றைக்கு அந்த ஊர் புகை கக்கிக்கொண்டிருந்தது.

அதே பொருட்காட்சியில் பெண்களுக்கென்று தனி மண்டபம் ஒன்றும் இருந்தது. அதில் பங்கெடுக்க ரோட் ஐலண்ட் பெண்கள் குழு அமைத்துப் பத்தாயிரம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது 1,675 டாலர் மிச்சம். இந்தப் பணத்தை என்ன செய்வது?

பொதுப்பணம் மிஞ்சினால் எந்த ஊரிலும் எழுகிற யோசனை அங்கேயும் எழுந்தது. பூங்காவில் ஒரு குடிநீர் ஊற்று கட்டலாம். போகிறவர் வருகிறவர் தண்ணீர் குடிப்பார்கள், கல்லில் பெயரும் பொறிக்கலாம். இன்னொரு யோசனையைச் சொன்னவர் ஹெலன் மெட்காஃப், கம்பளி ஆலை அதிபர் ஜெஸ்ஸி மெட்காஃபின் மனைவி. வடிவமைப்புக்கு ஒரு பள்ளி தொடங்கலாம் என்றார். 1877 ஜனவரி 11 அன்று வாக்கெடுத்தார்கள். பெரும்பான்மை பள்ளியின் பக்கம். இரண்டு மாதத்தில், மார்ச் 22 அன்று, மாநிலச் சட்டமன்றம் பள்ளிக்கு ஒப்புதல் அளித்தது. ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் இப்படித்தான் தொடங்கியது. இன்று அதைச் சுருக்கி 'ரிஸ்டி' என்கிறார்கள்.

அந்தப் பெண்களுக்கு ஓட்டுரிமை வர இன்னும் 43 ஆண்டுகள் இருந்தன. நாட்டுத் தேர்தலில் போட முடியாத ஓட்டைத் தங்கள் குழுவில் போட்டு ஒரு கல்லூரியை உண்டாக்கிவிட்டார்கள்.

பள்ளியின் நோக்கத்தில் கனவு எதுவும் இல்லை, கணக்குதான் இருந்தது. துணியும் நகையும் செய்கிற கைவினைஞருக்குப் படம் வரையவும் வடிவம் அமைக்கவும் தெரிந்தால் சரக்கு நன்றாக இருக்கும், விற்கும். எந்திரத்தில் முந்திவிட்ட ஊருக்கு வேலைப்பாட்டில் ஐரோப்பாவை எட்டவேண்டியிருந்தது. ஒரு கட்டடத்தில் வாடகைக்கு எடுத்த சில அறைகளில் 1878இல் வகுப்புகள் ஆரம்பமாயின. 1895இல் இறக்கும்வரை ஹெலன் மெட்காஃப்தான் அதைத் தூக்கி நிறுத்தினார். துணிக்கும் நகைக்கும் கற்றுக்கொடுத்தார்கள். அறைக்கு இன்னும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

திரைக்காரர்களின் ராஜ்ஜியம்

அதே மாநிலத்தின் தென்கோடியில், கடலோரத்தில் நியூபோர்ட். நியூயார்க் கோடீஸ்வரர்களின் கோடை வாசஸ்தலம். எழுபது அறை மாளிகையைக் கட்டிவிட்டு அதைக் 'காட்டேஜ்' என்று அடக்கமாகச் சொல்கிற ஊர். ரயில்வே அதிபர் இரண்டாம் கார்னீலியஸ் வாண்டர்பில்ட்டின் 'தி பிரேக்கர்ஸ்' அப்படி ஒரு எழுபது அறை காட்டேஜ். 1895இல் கட்டி முடித்தார்கள். அதன் பெரிய அறைகள் பாரிஸ் பட்டறையில் தயாராகிக் கப்பலில் வந்து இறங்கிப் பொருத்தப்பட்டவை. கூரையும் சுவர்ப் பலகையும் சேர்ந்த முழு அறைகள்!

அந்தக் காலத்து வேலைப் பிரிவு இப்படி: கட்டடக்கலைஞர் வெளித்தோற்றத்தையும் படிக்கட்டையும் கூடத்தையும் வரைந்துவிட்டு விலகிக்கொள்வார். உள்ளே வந்து மிச்சத்தை முடிப்பவர் திரைச்சீலையும் மெத்தையும் தைக்கிற கடைக்காரர். அவர் விற்பது துணி. ஆகவே அவருக்குத் தெரிந்த ஒரே மருந்தும் துணி. ஜன்னலுக்கு மூன்று அடுக்குத் திரை, கதவு இருக்கவேண்டிய இடத்தில் கனத்த தொங்கல், கணப்பு மேடைக்குக் குஞ்சம், மேசைக்குப் பாவாடை. நடக்க இடம் மிஞ்சினால் அங்கே ஒரு தொட்டிச் செடி.

இந்த நியூபோர்ட்டில் 1893இல் ஒரு வீட்டை வாங்கினார் எடித் வார்ட்டன். அப்போது அவர் நாவலாசிரியராகவில்லை. கையில் பணமும் மனதில் சலிப்புமாக இருந்த 31 வயதுப் பெண். வீட்டின் பெயர் 'லேண்ட்ஸ் எண்ட்'. முன்னால் அட்லாண்டிக் பெருங்கடல். வீடோ பார்க்க லட்சணமில்லாத மரக்கட்டடம். அதைச் சீர்செய்ய பாஸ்டனைச் சேர்ந்த இளம் கட்டடக்கலைஞர் ஆக்டன் காட்மனைக் கூப்பிட்டார். வெளியே அதிகம் செய்ய வழியில்லை என்பதால் உள்ளே இறங்கினார்கள். வேலை செய்தபடியே பேசினார்கள், பேசியதை எழுதினார்கள். 1897இல் அது 'வீடுகளின் அலங்காரம்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வந்தது. பிற்பாடு நாவலுக்காகப் புலிட்சர் பரிசு பெற்ற முதல் பெண்மணி எழுதிய முதல் பெரிய புத்தகம், சுவரையும் கதவையும் பற்றியது.

நூலின் அத்தியாய வரிசையைப் பார்த்தாலே அதன் வாதம் புரிந்துவிடும். முதலில் வரலாற்று மரபு, அடுத்து அறைகள் பொதுவாக, பிறகு சுவர், கதவு, ஜன்னல், கணப்பு, கூரையும் தரையும். அதன்பின் வாசல், படிக்கட்டு, கூடம், நூலகம், சாப்பாட்டு அறை, படுக்கையறை, குழந்தைகளின் அறை. ஜாடி, சிலை, சில்லறைச் சாமான் பற்றிய அத்தியாயம் கடைசியோ கடைசி. நாம் 'அலங்காரம்' என்று நினைப்பதற்கு அவர்கள் கொடுத்த இடம் அதுதான்.

அவர்கள் சொன்னது எளிமையானது. உள் அலங்காரம் கட்டடக்கலையின் ஒரு கிளை. ஓர் அறை நன்றாக இருப்பதும் இல்லாததும் அதன் நீள அகல உயரத்தின் விகிதத்தாலும், திறப்புகள் அமைந்த இடத்தாலும் முடிவாகிறது. கதவு சரியான சுவரில் இருந்தால் நாற்காலி தன் இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். தப்பான சுவரில் இருந்தால் எத்தனை கஜம் பட்டு வாங்கினாலும் மறையாது. கட்டடக்கலை கைவிட்ட பிள்ளையைத் திரைக்காரர் வளர்த்தார். இனி அது பெற்றவர் வீட்டுக்கே திரும்பவேண்டும்.

பெற்றவர் உடனே அழைத்துக்கொள்ளவில்லை. நூலுக்குப் பின்னர் 'டெக்கரேட்டர்' என்கிற புதுத் தொழில்தான் வளர்ந்தது. நாடக நடிகையாக இருந்த எல்ஸி டி வுல்ஃப், நியூயார்க்கில் பெண்களுக்கான காலனி கிளப்பின் உள்ளறைகளை வெளிச்சமும் பூப்போட்ட பருத்தித் துணியுமாக அமைத்துப் புகழ்பெற்றார். கிளப் 1907இல் திறந்தது. தொழில் வந்தால் பள்ளி வரும். 1916இல் நியூயார்க்கில் ஷெரில் வைட்டன் என்ற கட்டடக்கலைஞர் உள் அலங்காரத்துக்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார். தபால்வழியாகவும் பாடம் போனது. 1931இல் அலங்காரத் தொழிலாளருக்கு நாடு தழுவிய சங்கம் வந்தது. ஆனாலும் பேச்சு பெரும்பாலும் பணக்கார வீட்டு வரவேற்பறையைச் சுற்றியே இருந்தது. ஏழை வீட்டு அறைக்கும் விகிதம் உண்டு என்பதை எடுத்துக்கொண்டு வரவேண்டியவர் கடலுக்கு அப்பால் இருந்தார்.

வெளிர் நீலம், சாக்லேட் பழுப்பு

எர்ன்ஸ்ட் லிஷ்ட்ப்ளாவ் 1883இல் வியன்னாவில் பிறந்தவர். ஜெர்மன் மொழியில் அந்தக் குடும்பப் பெயருக்கு 'வெளிர் நீலம்' என்று பொருள். ஆனால் ஊரில் அவர் பெயர் சொன்ன கட்டடம் பழுப்பு. 1914 வாக்கில் முடிந்த, கரும்பழுப்புப் பீங்கான் ஓடு பதித்த அந்த வீட்டை வியன்னாக்காரர்கள் இன்றும் 'சாக்லேட் வீடு' என்பார்கள். நவீனக் கட்டடக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஆட்டோ வாக்னரிடம் படித்த மாணவர் அவர்.

முதல் உலகப்போருக்குப் பின் வியன்னா மாநகராட்சி சோஷலிஸ்ட் கட்சியின் கைக்கு வந்தது. வீட்டு வரி போட்டு, 1923 தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் 60,000 தொழிலாளர் வீடுகளைக் கட்டினார்கள். அவற்றில் பெரும்புகழ் பெற்றது காரல் மார்க்ஸ் ஹாஃப். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சம், தண்ணீர், கழிப்பறை. ஆனால் வீடு சிறிது. அந்தத் திட்டத்தில் கட்டிய வீடுகள் பெரும்பாலும் 400இலிருந்து 600 சதுர அடிக்குள்.

குடிவந்தவர்கள் தங்களிடம் இருந்த சாமான்களோடு வந்தார்கள். சீமான் வீட்டைப் பார்த்துச் செய்த பருத்த அலமாரி, செதுக்கு வேலை செய்த இரட்டைக் கட்டில். கட்டிலைப் போட்டால் கதவு முழுக்கத் திறக்காது. அலமாரியை நிறுத்தினால் மாநகராட்சி பார்த்துப் பார்த்து வைத்த ஜன்னல் பாதி மறையும். கட்டடம் கொடுத்த வெளிச்சத்தைச் சாமான் தின்றுவிடும்.

இதற்காகவே காரல் மார்க்ஸ் ஹாஃபுக்குள் ஓர் ஆலோசனை நிலையம் வந்தது. வீட்டின் உள்ளமைப்புக்கும் சுகாதாரத்துக்குமான நிலையம். ஜெர்மன் பெயரைச் சுருக்கி 'பெஸ்ட்' என்றார்கள். அதை நடத்தியவர் லிஷ்ட்ப்ளாவ். இவ்வளவு சிறிய வீட்டில் நாலு பேர் எப்படி மூச்சு முட்டாமல் வாழ்வது, எதை வாங்கலாம், எதை வாங்கவே கூடாது, படுக்கை எந்தச் சுவரில், மேசை எந்த வெளிச்சத்தில் என்பதைக் குடித்தனக்காரர்களுக்கு எடுத்துச் சொல்கிற இடம். வார்ட்டன் எழுபது அறை ஊரில் உட்கார்ந்து எழுதியதும், லிஷ்ட்ப்ளாவ் இரண்டு அறை வீட்டுக்காரரிடம் சொன்னதும் அடிப்படையில் ஒன்றுதான்: அறையைப் பார், அப்புறம் சாமானைப் பார்.

1934 பிப்ரவரியில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. காரல் மார்க்ஸ் ஹாஃபின் மேலேயே பீரங்கிக் குண்டு விழுந்தது. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். லிஷ்ட்ப்ளாவ் யூதர். 1939இல், ஐம்பதைத் தாண்டிய வயதில், கட்டிய கட்டடங்களையும் பழகிய ஊரையும் விட்டுவிட்டு இங்கிலாந்து வழியாக அமெரிக்காவுக்குப் போனார். அந்த வயதில் புது நாட்டில் கட்டட வேலை கிடைப்பது சுலபமா? கற்பிக்கிற வேலை கிடைத்தது. 1940களின் பிற்பகுதியில், மிச்சப்பணத்தில் பிறந்த அந்தப் பிராவிடன்ஸ் பள்ளியில், உள்ளமைப்புக்கான துறைக்கு அவர் தலைவரானார். இன்றைய உள்கட்டடக்கலைத் துறை தன் தொடக்கமாக அவரைத்தான் சொல்கிறது.

ஆங்கிலத்தில் 'டெக்கரேஷன்' என்று கேட்டுப் பழகியவர்களுக்கு 'இன்டீரியர் ஆர்க்கிடெக்சர்' என்ற சொல் பகட்டாகப் படலாம். ஜெர்மன் பேசுகிறவருக்கு அது அன்றாடச் சொல். 'இன்னென்ஆர்ஷிடெக்டூர்' என்றால் உள்ளே இருக்கிற கட்டடக்கலை, அவ்வளவுதான். வார்ட்டன் முன்பு வாதாடிக் கேட்டதை அந்த மொழி ஒரே சொல்லில் வைத்திருந்தது. லிஷ்ட்ப்ளாவ் கடைசிக் காலத்தில் வியன்னாவுக்குத் திரும்பி 1963இல் அங்கேயே இறந்தார். ஆனால் அவருடைய கேள்வி பிராவிடன்ஸிலேயே தங்கிவிட்டது.

காலியான ஊர்

கேள்வி தங்கியது, ஊர் தங்கவில்லை. நெசவாலைகள் கூலி மலிவான தென் மாநிலங்களுக்கு நகர்ந்தன. பிறகு நகைப் பட்டறைகளும் சுருங்கின. 1940இல் பிராவிடன்ஸின் மக்கள்தொகை 2,53,000. 1980இல் 1,57,000. பத்தில் நாலு பேர் இல்லை. ஆனால் அவர்கள் வேலை பார்த்த செங்கல் ஆலைகளும், பணம் போட்ட வங்கிகளும், துணி எடுத்த கடைகளும் நின்ற இடத்திலேயே நின்றன.

இடித்துத் தள்ளுவதுதான் அக்காலத்து நாகரிகம். பழைய வீடுகளை இடித்துப் பல்கலைக்கழகம் விரிந்தபோது ஊரில் சிலர் எதிர்த்துக் கிளம்பினார்கள். 1956இல் பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புச் சங்கம் ஒன்று உருவானது. 1959இல் காலேஜ் ஹில் பகுதியின் வீடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஓர் அறிக்கை வந்தது. நகரப் புதுப்பிப்புக்கு என்று மத்திய அரசு கொடுத்த பணம் வழக்கமாகப் புல்டோசருக்குப் போகும். இந்த ஊரில் அது வீடுகளைக் காப்பாற்றுவதற்கான ஆய்வுக்குச் செலவானது. ரிஸ்டியின் வகுப்பறைகள் இருப்பதும் அந்தக் குன்றின் சரிவில்தான். மாணவர்கள் வகுப்புக்கு நடந்து போகிற வழியெல்லாம் பாடம் நின்றுகொண்டிருந்தது.

ஆக, அந்தத் துறை காலப்போக்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது இயல்புதான். புது வீட்டுக்கு உள்ளே என்ன செய்வது என்பதிலிருந்து, பழைய கட்டடத்துக்கு இனி என்ன வாழ்க்கை என்பதற்கு நகர்ந்தது. மறுபயன்பாடு என்பதே அதன் முதுகலைப் படிப்பின் மையம் ஆனது. 2009இல் இந்த ஒரு விஷயத்துக்கென்றே துறையிலிருந்து ஓர் ஆய்விதழ் வெளிவரத் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பேராசிரியர் லிலியன் வாங் 2016இல் மறுபயன்பாடு பற்றி முழுநூல் ஒன்றை எழுதினார். ஏற்கெனவே நிற்கிற கட்டடத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹோஸ்ட்'. நம் வழக்கில் விருந்தளிக்கிற வீட்டுக்காரர். புதிதாக வருகிற பயன்பாடு விருந்தாளி. எந்த வீட்டுக்கு எந்த விருந்தாளி ஒத்துவருவார், எத்தனை நாள் தங்குவார், போகும்போது வீட்டைப் பழையபடி விட்டுப் போவாரா? முதுகலை ஆய்வேடுகள் பலவற்றை இந்த மூன்று கேள்விகளில் அடக்கிவிடலாம்.

கட்டடக்கலை மாணவருக்கு ஸ்டூடியோவில் கொடுப்பது காலி மனை. இவர்களுக்குக் கொடுப்பது ஏற்கெனவே நிற்கிற ஒரு கட்டடம். முதல் வேலை அளப்பது. பழைய வரைபடத்தை நம்ப முடியாது. சுவர் நேராக இருக்கும் என்பதையும் நம்ப முடியாது. எந்தச் சுவர் பாரத்தைத் தாங்குகிறது, எது வெறும் தடுப்பு என்று கண்டுபிடிக்கவேண்டும். பிறகு கட்டடத்தைக் கத்தியால் வகிர்ந்தது மாதிரி வெட்டுப்படம் வரையவேண்டும். மாடிக்கு மாடி என்ன உயரம், வெளிச்சம் எதுவரை உள்ளே வருகிறது, படியை எங்கே நுழைக்கலாம் என்பதெல்லாம் அதில்தான் தெரியும். கட்டடக்கலையில் முன்பே பட்டம் பெற்றவருக்கு ஒரு வழி, வேறு துறையிலிருந்து வருகிறவருக்கு இன்னொரு வழி என்று இரண்டு வாசல்கள் வைத்திருக்கிறார்கள். இலக்கியமோ உயிரியலோ படித்தவரும் அளவுநாடாவோடு வந்து நிற்கலாம்.

சுவரில் ஒட்டியது

இதெல்லாம் சரி, இதற்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று இன்னும் கேட்பவருக்கு, அதே ரோட் ஐலண்டிலிருந்து ஒரு பதில் உண்டு. சொல்வதற்கு மனம் கனக்கும் பதில்.

வெஸ்ட் வார்விக் என்ற ஊரில் 'தி ஸ்டேஷன்' என்றொரு இரவு விடுதி. ஒற்றைத் தளக் கட்டடம். உணவகமாகவும் மதுக்கூடமாகவும் கைமாறிக் கைமாறிக் கடைசியில் இசை விடுதியானது. பயன்பாடு மாறிய கட்டடம், அதாவது புது விருந்தாளி வந்த பழைய வீடு. பாட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் சொன்னார்கள். சத்தத்தை அடக்க மேடையைச் சுற்றிய சுவர்களில் பாலியூரிதேன் ஃபோம் ஒட்டினார்கள். மலிவு, லேசு, ஒட்டுவதும் சுலபம். நம் பேச்சில் சொன்னால், கொஞ்சம் இன்டீரியர் வேலை.

2003 பிப்ரவரி 20 இரவு, இசைக்குழு மேடையேறியதும் கொளுத்திய மத்தாப்பின் பொறி அந்த ஃபோமில் பட்டது. உள்ளே நானூற்றுக்கும் மேற்பட்டோர். முதல் சில நொடிகள் அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்றே பலர் நினைத்தார்கள். வெளியேறும் வழிகள் நான்கு இருந்தும், பெரும்பாலோர் உள்ளே வந்த வாசலை நோக்கியே ஓடினார்கள். நெருக்கடியில் அந்த வழி மனிதர்களாலேயே அடைபட்டது. ஐந்தாறு நிமிடத்தில் கட்டடம் முழுக்கத் தீ. இறந்தவர் 100 பேர். காயமடைந்தவர் இருநூறுக்கும் மேல். கூரையில் தானே நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் அமைப்பு இல்லை. பழைய கட்டடம் என்பதால் புதிய விதியிலிருந்து அதற்கு விலக்கு இருந்தது. அமைப்பு இருந்திருந்தால் தீயைக் கட்டுப்படுத்தியிருக்கும் என்று அரசின் ஆய்வுச் சோதனைகள் பின்னால் காட்டின. அந்த ஆண்டே ரோட் ஐலண்ட் அத்தகைய விலக்கைச் சட்டத்திலிருந்து நீக்கியது.

அந்தக் கட்டடத்தின் தூணும் உத்தரமும் யாரையும் கொல்லவில்லை. கொன்றது சுவரின் மேல் ஒட்டிய சில அங்குலம். நெரிசலில் மனிதர் எந்தப் பக்கம் திரும்புவார், ஒரு பொருள் எரிந்தால் எத்தனை நொடியில் புகை தலைக்கு இறங்கும், பழைய கட்டடம் புது வேலைக்கு மாறும்போது எந்த விதி விழித்துக்கொள்ளவேண்டும் என்பவை உள்ளே வேலை செய்கிறவர் படித்திருக்கவேண்டிய பாடங்கள். கலர் பார்க்கிற வேலை என்று நினைத்த இடத்தில் உயிர் இருக்கிறது.

ஒரே ஊரில் மூன்று காலம்

கனம் குறைய, பிராவிடன்ஸ் நகர மையத்துக்குத் திரும்புவோம். வெஸ்ட்மின்ஸ்டர் தெருவுக்கும் வெய்போசெட் தெருவுக்கும் நடுவே 1828இல் கட்டிய 'ஆர்கேட்' நிற்கிறது. கூரைகொண்ட கடைவீதிகளில் அமெரிக்காவில் இன்றைக்கும் மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. இரண்டு தெருவுக்கும் ஒவ்வொரு முகம். இரண்டிலும் கருங்கல் தூண் வரிசை. ஆனால் ஒரு முகத்தின் உச்சி முக்கோணம், மறுமுகத்தின் உச்சி படிப்படியானது. இரண்டு கட்டடக்கலைஞர்களின் கை. உள்ளே மூன்று தளம், நடுவில் நடைபாதை, மேலே கண்ணாடிக் கூரை.

மாடிக்கு ஏறி யார் துணி வாங்குவார்? மேல் தளக் கடைகள் எக்காலத்திலும் திணறின. 2008இல் கட்டடத்தை மூடினார்கள். 2013இல் மறுபடி திறந்தபோது கீழே கடைகள் அப்படியே இருந்தன. மேலிரண்டு தளக் கடைகள் 48 குட்டி வீடுகளாகியிருந்தன. சிலவற்றின் பரப்பு சுமார் 225 சதுர அடி. சுவரோடு சுவராகப் பதித்த கட்டில், அதன் கீழே இழுப்பறை, ஒரு குளியலறை. அடுப்பு கிடையாது, மைக்ரோவேவ் மட்டும். நம்மவர் யாராவது குடிபோனால் குழம்புக்குத் தாளிக்க முடியாது! ஆனால் கடையின் பழைய முகப்பு, நடைபாதையைப் பார்த்த அதன் ஜன்னல், இரும்புக் கைப்பிடிச் சுவர் எல்லாம் இருக்கின்றன. காலையில் கதவைத் திறந்தால் தலைக்கு மேல் 1828ஆம் ஆண்டின் கட்டடத்தில் கண்ணாடி வழியே வெயில். லிஷ்ட்ப்ளாவ் காரல் மார்க்ஸ் ஹாஃபில் போட்ட கணக்கைத்தான் அந்த வீடுகளும் போடுகின்றன: கட்டில் எந்தச் சுவரில், வெளிச்சம் எந்தப் பக்கம்.

சில நிமிட நடையில் 1917இல் எழுந்த பெரிய வங்கிக் கட்டடம். அதன் வளைகூரைப் பணக்கூடம் 2006இலிருந்து ரிஸ்டியின் நூலகம். அதை மாற்றிய ஆஃபிஸ் டிஏ கட்டடக்கலை நிறுவனத்தார் பழைய சுவரைத் தோண்டவில்லை. கூடத்தின் நடுவில் இரண்டு தனி மண்டபங்களைப் பெரிய மேசை நாற்காலி போல நிறுத்தினார்கள். ஒன்றில் நூல் வழங்குகிறார்கள், மற்றதில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அவற்றின் மேலேறி நின்றால், முன்பு பணம் கட்ட வந்தவர் அண்ணாந்து பார்த்த கூரை அலங்காரம் பக்கத்தில் வந்துவிடும். வங்கியின் மேல் மாடிகளில் மாணவர் விடுதி. உள்கட்டடக்கலைத் துறையின் ஸ்டூடியோக்களும் அதே நகர மையத்தில், வெய்போசெட் தெருவில், மாற்றியமைத்த ஒரு பழைய கட்டடத்தில்தான். பாடம் நடக்கிற அறையே பாடத்துக்கு எடுத்துக்காட்டு.

இன்று இந்தப் படிப்புக்கு இன்னொரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. உலகம் வெளியேற்றும் கரியமிலவாயுவில் 7, 8 விழுக்காடு சிமெண்ட் தயாரிப்பிலிருந்து மட்டுமே வருகிறது. ஒரு கட்டடத்தை இடிப்பது என்றால் அதற்காக என்றோ எரித்த சூளையையும் உருக்கிய இரும்பையும் குப்பையில் கொட்டி, எல்லாவற்றையும் மறுபடி எரிப்பது. இருப்பதை வைத்துச் சமாளிப்பது கஞ்சத்தனம் என்று பெயரெடுத்திருந்தது. இப்போது அதுதான் கெட்டிக்காரத்தனம்.

1,675 டாலருக்கு அன்றைக்கு நீரூற்றே கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்நேரம் குழாய் அடைத்து, கல்லில் பெயர் தேய்ந்து, அதை எடுப்பதா வைப்பதா என்று நகராட்சி யோசித்துக்கொண்டிருக்கும். வைத்துக்கொண்டு வேறு என்ன செய்யலாம் என்று கேட்கத் தெரிந்த ஒரு மாணவர்தான் இருந்திருக்க மாட்டார்.

அடுத்த முறை யாராவது "இன்டீரியர் மட்டும்தான் பாக்கி" என்று சொன்னால், படுக்கையறையில் பீரோ எங்கே வரப்போகிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அதற்கென்று ஒழிந்திருக்கிற ஒரே சுவரைக் காட்டுவார். அந்தச் சுவரின் நட்ட நடுவில் எலக்ட்ரீஷியன் ஸ்விட்ச் போர்டு பதித்திருப்பார், பெயின்டும் அடித்து முடித்திருப்பார்கள்.